அவளுடைய அளவுக்கு ஓர் அம்பு

விஞ்ஞான ஆசிரியை ஒருவரிடம் இலக்கியச் சஞ்சிகைக்குக் கட்டுரை கேட்டால் அவர் எதைத் தருவார்? தமிழ் மன்றத்துப் பிள்ளைகள் மூன்று தடவை வந்து கேட்டுவிட்டார்கள். கவிதை எனக்கு வராது. ஆகவே களுதாவளையில் எங்கள் வீட்டு முற்றத்தில் சென்ற வருடம் நடந்த ஒரு செய்முறையை எழுதுகிறேன். இதில் பௌதிகம் உண்டு, கொஞ்சம் வரலாறு உண்டு, என் பிழை ஒன்றும் உண்டு. அந்தப் பிழையை மறைக்காமல் எழுதுவதாக ஒரு பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அந்தப் பிள்ளை எமது கல்லூரி மாணவி. அப்போது 8ஆம் தரம். கட்டாரில் வேலை செய்யும் அவளுடைய மாமா விடுமுறைக்கு வந்தபோது ஒரு வில் கொண்டு வந்து கொடுத்திருந்தார். சிறுவர்க்கான நல்ல வில்; அவள் இழுக்கும் அளவுக்கு இழுத்தால் 18 இறாத்தல் விசை. அதோடு ஆறு அம்புகள். அவை வில்லோடு வந்தவை அல்ல. மாமாவின் கூட்டாளி ஒருவர் தன்னுடைய பழைய காபன் அம்புகளை அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். அவளுடைய ஊரில் வீட்டுக்கு வீடு மதில். அம்பு எய்ய இடமில்லை. எங்கள் வளவோ நீளமான மணல் வளவு. பின்புறம் வெற்றிலைத் தோட்டத்துக்கு முன்னால் ஆளுயரத்துக்கு ஒரு மணல் மேடு. சனிக்கிழமைகளில் வாப்பா அவளைக் கூட்டிக்கொண்டு வருவார். வைக்கோலை இறுக்கி அடைத்த சாக்குகளை மேட்டின் முன்னால் அடுக்கி வைத்தோம். வில்லைப் பிடிக்கும் முறையை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லிக் கொடுத்தேன்.

ஐந்து வாரம் போயிற்று. அம்புகள் எல்லாம் இடப்பக்கம் போயின. நடுவைக் குறிவைத்தால் இடப்பக்கம். வலப்பக்கத்துச் சாக்கைக் குறிவைத்தால் சில நேரம் நடுவில், சில நேரம் மறுபடியும் இடப்பக்கம். நான் அவளுடைய நிலையைத் திருத்தினேன், முழங்கையைத் திருத்தினேன், மூச்சை அடக்கச் சொன்னேன். கண்ணாடி போட்ட பிள்ளை. ஆறாவது சனிக்கிழமை வில்லை உறையில் போட்டுக் கட்டிவிட்டு, “டீச்சர், எனக்குக் கண் சரியில்ல. இது எனக்குச் சரிவராது. வில்ல வித்துடச் சொல்லி வாப்பாட்டச் சொல்லிட்டன்” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பேன். அவள் கணக்கு விடை சொல்வதுபோலச் சொன்னாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

திண்ணையில் இருந்த என் அப்பா அவளைக் கூப்பிட்டார். அப்பா தச்சுத் தொழில் செய்தவர். ஒரு காலத்தில் வடமோடிக் கூத்துக்கு வில்லும் வாளும் கட்டியத் தடியும் செய்து கொடுத்தவர். “இன்னொருக்கா எய் மகள். நான் பாக்கல்ல, சத்தத்த மட்டும் கேக்கன்” என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். அவள் எய்தாள். நாண் விடுபடும் சத்தத்தோடு ‘டக்’ என்று இன்னொரு சத்தம். மரத்தில் தடி பட்ட மாதிரி. ஐந்து வாரமாக எனக்கும் அது கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. வில்லின் பிடிக்கு மேலே, அம்பு தங்கும் இடத்தின் பக்கவாட்டில், பூச்சு உரிந்து ஒரு கோடு விழுந்திருந்தது. அம்பின் வால் ஒவ்வொரு தடவையும் அங்கே மோதிப் போயிருக்கிறது. அப்பா அந்தக் கோட்டைப் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, “உண்ட கண்ணுல பிழை இல்ல மகள். இந்தத் தடி உனக்குச் செஞ்ச தடி இல்ல” என்றார்.

இங்கே பாடத்தைத் தொடங்கலாம்.

நாணை விட்டதும் அம்பு நேராகத்தான் புறப்படுகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மை அப்படியில்லை. வலக்கையால் இழுப்பவருக்கு அம்பு வில்லின் இடப்பக்கத்தில் சாய்ந்திருக்கும். நாணோ வில்லின் நடுவை நோக்கி ஓடுகிறது. ஆகவே அம்பின் வாலை நாண் ஒரு திசையில் தள்ள, அதன் தலை சற்றே வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. விரல்களில் இருந்து வழுகும்போது நாணும் பக்கவாட்டில் கொஞ்சம் அசைகிறது. பின்னாலிருந்து இவ்வளவு விசையோடு தள்ளப்படும் மெல்லிய தண்டு என்ன செய்யும்? வளையும். ஒரு பக்கம் வளைந்து, மறுபக்கம் வளைந்து, மீன் நீந்துவதுபோல நெளிந்து வில்லைச் சுற்றிக்கொண்டு வெளியேறும். அதன் பிறகுதான் மெல்ல மெல்ல நெளிவு அடங்கி நேராகப் பறக்கும். வில்லாளிகளுக்கு நெடுங்காலம் புதிராக இருந்த இந்தச் செயலுக்கு ‘வில்லாளியின் முரண்’ என்று பொருள்படும் ஒரு பெயரே உண்டு. அமெரிக்கப் பௌதிகவியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் 1930களில் அதிவேகப் படங்கள் எடுத்து அம்பு நெளிவதைக் கண்ணால் காணச் செய்தார்.

இதிலிருந்து ஒரு முடிவு வருகிறது. அம்பு வளைய வேண்டும். ஆனால் அந்த வில்லின் விசைக்கும் அந்த ஆளின் இழுவைக்கும் பொருந்தும் அளவுக்கு வளைய வேண்டும். பலமான வில்லுக்கு விறைப்பான அம்பு. மெல்லிய வில்லுக்கு வளைந்து கொடுக்கும் அம்பு. சிறுபிள்ளையின் வில்லில் பெரிய ஆளின் விறைத்த அம்பை வைத்தால் அது வளைய மறுத்து, வில்லில் வாலை அடித்துக்கொண்டு, வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் ஓடும். எங்கள் பிள்ளைக்கு நடந்தது அதுதான். ஐந்து வாரம் நான் அவளுடைய முழங்கையைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

அம்பின் விறைப்பை அளக்க ஒரு முறை உண்டு. ஆங்கிலத்தில் ‘ஸ்பைன்’ என்பார்கள். 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள். அவற்றின் மேல் தண்டு. நடுவில் 880 கிராம் நிறை. தண்டின் நடு எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதை அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று சொல்வார்கள். 500 என்று அச்சிட்ட அம்பு அரை அங்குலம் இறங்கும். இலக்கம் கூடினால் அம்பு மெல்லியது; குறைந்தால் விறைப்பானது. கட்டாரில் இருந்து வந்த அம்புகளில் 400 என்று இருந்தது. அதாவது வெறும் 10 மில்லிமீற்றர் இறக்கம். 18 இறாத்தல் வில்லுக்கும் அவளுடைய கை நீளத்துக்கும் தேவைப்பட்டது 1000 அளவில், ஏறக்குறைய ஓர் அங்குல இறக்கம். இரண்டரை மடங்கு வித்தியாசம்! இலக்கம் அம்பிலேயே எழுதியிருந்தது. பௌதிகம் படிப்பிக்கும் நான் அதை ஏதோ விலைப்பட்டியல் எண் என்று நினைத்திருந்தேன்.

அம்பு ஆளுக்குப் பொருந்த வேண்டும் என்பது நேற்று வந்த அறிவு இல்லை. எங்கள் பகுதிக் காடுகளில் வேடர்கள் வாழ்ந்தார்கள். மட்டக்களப்புக்கு வடக்கே கரையோரத்தில் அவர்களுடைய வழிவந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வேடர்களின் அம்பைப் பற்றி எழுதியவர்களுள் ஒருவர் றொபேர்ட் நொக்ஸ். கொட்டியாரக் குடாவில் வந்து நின்ற ஆங்கிலக் கப்பலைச் சேர்ந்தவர். 1660இல் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கைதியாக இருந்து, 1679இல் தப்பிப் போய், 1681இல் இலண்டனில் தம் புத்தகத்தை வெளியிட்டார். அதில் ஒரு செய்தி வருகிறது. வேடர்கள் இரவில் ஒருவரும் காணாமல் கொல்லன் பட்டறைக்கு வந்து இறைச்சியைத் தொங்கவிட்டுப் போவார்களாம். கூடவே ஓர் இலை. தமக்கு அம்பு எந்த வடிவில் வேண்டுமோ அந்த வடிவில் நறுக்கிய இலை. கொல்லன் அதைப் பார்த்து அப்படியே செய்து வைத்தால் இன்னும் இறைச்சி வரும். செய்யாவிட்டால் என்றாவது ஓர் இரவு அவனுக்கு ஆபத்துத்தான் என்றும் நொக்ஸ் எழுதுகிறார்.

இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் பட்டறை இருட்டையும் இறைச்சியையும் நினைத்துச் சிரிப்பார்கள். எனக்கு அந்த இலையில்தான் கண். பேச்சில்லை, எழுத்தில்லை, முகமும் காணவில்லை. இருந்தும் “இந்த அளவு, இந்த வடிவம், இதுதான் எனக்கு” என்று ஒருவர் மற்றொருவருக்குச் சொல்லிவிடுகிறார். தையற்காரரிடம் அளவுச் சட்டை கொடுப்பதைப் போல.

நொக்ஸுக்கு இரண்டு நூற்றாண்டுக்கு மேல் பிந்தி, செலிக்மன் தம்பதியர் வேடர்களைப் பற்றி எழுதிய பெரிய நூல் 1911இல் வெளிவந்தது. அதில் கிழக்குக் கரையோர வேடர்களுக்கும் இடமுண்டு. சார்ள்ஸ் செலிக்மனோடு அவருடைய மனைவி பிரெண்டாவும் சேர்ந்து ஆய்வு செய்து, நூலிலும் பெயர் பெற்றவர் என்பதை மாணவிகள் கவனிக்க வேண்டும். வேட்டைக்குச் சிறியதும் பெரியதுமாகப் பல அளவு இரும்பலகுகள் இருந்ததோடு, எய்வதற்கே அல்லாத, சடங்கு ஆட்டத்தில் கையில் பிடிக்கும் பெரிய அம்பலகும் அவர்களிடம் இருந்தது. எந்த வேலைக்கு எந்த அம்பு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நான் இதையெல்லாம் திண்ணையில் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்தப் பிள்ளை தான் மத்ரசாவில் கேட்ட ஒரு ஹதீஸைச் சொன்னாள். உக்பா இப்னு ஆமிர் (ரழி) அறிவித்து, அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஓர் அம்பின் பொருட்டால் அல்லாஹ் மூன்று பேரைச் சுவர்க்கத்தில் சேர்க்கிறான் என்று நபிகள் நாயகம் (ஸல்) சொன்னார்கள்: நன்மையை நாடி அதைச் செய்தவர், அதை எய்தவர், எய்பவருக்கு எடுத்துக் கொடுத்தவர். அப்பா அதை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். “செஞ்சவன முதல்ல சொல்லியிருக்கு, என்ன?” என்றார். பிறகு எழும்பிப் போய்ப் பரணில் ஏணியைச் சாத்தினார்.

பரணில் சிறுமூங்கில் குச்சிகள் கிடந்தன. வேலியோரத்தில் வளர்வது, சின்ன விரல் பருமன். பட்டத்துக்கும் கூத்துச் சாமான்களுக்கும் என்று வெட்டி, நிழலில் காயவைத்து, மறந்துபோன குச்சிகள். அம்புக்குப் பச்சை மூங்கில் ஆகாது. காயும்போது கோணும், பிறகு வெடிக்கும். மாதக்கணக்கில் நிழலில் காய்ந்ததே வேண்டும். முப்பதுக்கு மேல் இறக்கினோம்.

முதல் வேலை நேராக்குவது. கரி அடுப்பின் தணலுக்கு மேல் குச்சியைச் சுழற்றிச் சூடாக்கினால் மூங்கில் இளகும். வளைந்த இடத்தை எதிர்ப்பக்கமாக மெதுவாக அழுத்தி, ஆறும்வரை பிடித்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் கருகும், இல்லாவிட்டால் முறியும். கண்ணாடித் தட்டில் உருட்டிப் பார்த்தால் கோணல் எங்கே என்று தெரியும். அப்பாவுக்கு ஒன்றுக்குப் பத்து நிமிடம் சென்றது; எனக்கு அரை மணி நேரம். அவள் எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் எங்கோ இருந்தாள்.

பிறகு ஸ்பைன் சோதனை. இதற்குக் கடைக்கருவி தேவையில்லை. ஒரு பலகையில் 28 அங்குல இடைவெளியில் இரண்டு ஆணி. தண்ணீர்ப் போத்தல் ஒன்றைச் சமையலறைத் தராசில் வைத்து, போத்தலும் தண்ணீரும் கொளுக்கிக் கம்பியும் சேர்ந்து 880 கிராம் வரும்வரை நிரப்பினோம். குச்சியின் நடுவில் அதைத் தொங்கவிட்டு, பின்னால் ஒட்டிய வரைபுத் தாளில் இறக்கத்தை வாசித்தோம். குச்சியை நீளமாக இருக்கும்போதே சோதித்துவிட வேண்டும், வெட்டிய பிறகு ஆணிக்கு எட்டாது. கண்ணுக்கு ஒரே மாதிரித் தெரிந்த குச்சிகள் 14 மில்லிமீற்றரில் இருந்து 40 மில்லிமீற்றர் வரை இறங்கின. காரணம் உயர்தர மாணவிகளுக்குத் தெரியும்: உருளைத் தண்டின் விறைப்பு விட்டத்தின் நான்காம் வலுவுக்கு விகிதசமம். 8 மில்லிமீற்றர்த் தண்டுக்குப் பதில் 7.2 மில்லிமீற்றர்த் தண்டை எடுத்தால் விட்டம் பத்தில் ஒரு பங்கே குறைகிறது. ஆனால் வளைவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. மூங்கிலுக்கு உள்ளே வெற்றிடம் இருந்தாலும் போக்கு இதுதான். ‘விறைப்பானதைத் தேய்த்து மெலிதாக்கலாமே’ என்று கேட்டேன். அப்பா விடவில்லை. மூங்கிலின் பலமெல்லாம் வெளித்தோலில், அதை உரித்தால் உள்ளே சோறு என்றார். அது சரிதான், வலிய நார்கள் வெளிப்புறத்தில்தான் நெருங்கியிருக்கின்றன. மரச் சட்டத்தில் அம்பு செய்பவர் தேய்க்கலாம். மூங்கிலில் தெரிவுசெய்வதுதான் வழி. முப்பத்துச் சொச்சத்தில் எமக்குத் தேறியவை ஒன்பது.

இனி என் பிழை.

அம்பின் நீளத்தைத் தீர்மானிக்க, கைகள் இரண்டையும் விரித்து விரல் நுனி தொட்டு விரல் நுனிவரை அளந்து 2.5ஆல் வகுப்பார்கள். கிடைப்பது இழுவை நீளம். அவளுக்கு 152 சென்ரிமீற்றர், வகுத்தால் 60.8, ஏறக்குறைய 24 அங்குலம். நான் சரியாக 24 அங்குலத்தில் மூன்று அம்புகளை வெட்டிவிட்டேன். நீளம் குறையக் குறைய அம்பு விறைக்கும் என்பதும், வளைவு நீளத்தின் மூன்றாம் வலுவுக்கு விகிதசமம் என்பதும் நானே படிப்பிப்பது, அதையும் யோசிக்கவில்லை. ஆனால் பெரிய தவறு அதுவல்ல. அந்த வகுத்தல் தருவது ஒரு மதிப்பீடு. பழகப் பழகப் பிள்ளை தோளை விரித்து, நாணை நாடிவரை கொண்டுவருவாள். இழுவை ஓர் அங்குலம் கூடும்.

அடுத்த சனிக்கிழமை அப்படியே நடந்தது. அன்றைக்கு அவள் அழகாக இழுத்தாள். நான் “இன்னும் கொஞ்சம்” என்றேன். அம்பின் முனை பின்னால் வந்து, தாங்கியை விட்டு விழுந்து, வில்லைப் பிடித்த கையின் சுட்டுவிரலுக்கு மேல் நின்றது. அவள் நாணை விடவில்லை. விட்டிருந்தால் அந்த அம்பு அவளுடைய கைக்குள்ளால் போயிருக்கும். முனை கீறி இரத்தம் வந்தது. நாணை மெதுவாக முன்னுக்குக் கொண்டுபோய்த் தளர்த்தி, வில்லைக் கீழே வைத்துவிட்டுத்தான் விரலைப் பார்த்தாள். வெறும் வில்லை ஒருபோதும் விடக்கூடாது, இழுத்ததை மெதுவாகத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்று முதல் நாள் சொல்லிக் கொடுத்ததை அவள் மறக்கவில்லை. அன்றைக்கு நிதானம் இழந்தவள் நான்தான். அவளுடைய வாப்பா மருந்து கட்டும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை வருவார்களா என்று ஒரு கிழமை முழுவதும் யோசித்தேன். வந்தார்கள். அவள் உள்ளே வந்ததும், “அந்த மூணு அம்பும் எங்க டீச்சர்?” என்று கேட்டாள். முறித்து அடுப்பில் போட்டுவிட்டேன் என்றேன். “ஒண்ட வச்சிருக்கலாமே, மத்தப் புள்ளைகளுக்குக் காட்ட” என்றாள்.

ஆகவே இதைப் படிக்கும் எவரும் மறக்க வேண்டாம்: பிள்ளையின் அம்பு, அவள் முழுதாக இழுத்திருக்கும்போது, வில்லுக்கு முன்னால் இரண்டு அங்குலமாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். வளரும் வயது, இன்னும் அரை அங்குலம் கூட்டினாலும் நட்டமில்லை. குட்டை அம்பு கையைக் குத்தும், நெட்டை அம்பு சற்று மெதுவாகப் போகும், அவ்வளவுதான். மீதி இருந்த ஆறு குச்சிகளை 27 அங்குலத்தில் வெட்டினோம்.

நாணைக் கவ்வும் அம்பின் வாலில் உள்ள வெட்டுக்குத் தமிழில் ‘குதை’ என்ற சொல் உண்டு. வில்லின் நுனியில் நாண் மாட்டும் வெட்டுக்கும் அதுவே பெயர். அம்பு, கணை, பகழி, வாளி, சரம் என்று அம்புக்கே எத்தனை பெயர்! குதையை மூங்கிலின் கணுவுக்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும். அப்போதுதான் நாணின் அடியில் தண்டு பிளந்துகொண்டு போகாமல் கணு தடுக்கும். வெட்டின் அடியில் நூலை இறுகச் சுற்றிப் பசை பூசினோம். குதை நாணை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்க வேண்டும்? நாணில் மாட்டி அம்பைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் விழக்கூடாது. நாணை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் விழுந்துவிட வேண்டும்.

இறகு மூன்று, 120 பாகை இடைவெளியில். எல்லாம் ஒரே பக்கச் சிறகில் இருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். இடச்சிறகின் இறகும் வலச்சிறகின் இறகும் எதிரெதிராக வளைந்தவை. கலந்து ஒட்டினால் அம்பு எந்தப் பக்கம் சுழல்வது என்று தெரியாமல் தடுமாறும். அயல்வீட்டு வான்கோழி உதிர்த்தவற்றை அவள் இரண்டு பையில் பிரித்து வைத்திருந்தாள்: ‘இடம்’, ‘வலம்’. மூன்றில் ஓர் இறகு குதையின் வெட்டுக்குச் செங்குத்தாக, வில்லை விட்டு வெளியே பார்க்க வேண்டும். அது எதுவென்று உடனே தெரிய அதற்கு மஞ்சள் சாயம் தோய்த்தாள். இறகுத் தண்டின் முன்நுனியைச் சீவி, நூலால் மூடிக் கட்டாமல் விடக்கூடாது. கையை உரசிக்கொண்டு போகும் இடம் அது. கூராக இருந்தால் கீறும்.

முனைக்கு என்ன வைப்பது என்று நாலு பேரிடம் கேட்டோம். ஒருவர் பழைய தோட்டா உறை நல்ல பாரம் என்றார். மணலுக்குள் இருந்து என்றோ எடுத்ததாம். அப்பா அதைக் கையில் வாங்கவே இல்லை. “அது இந்த வளவுக்குள்ள வேணாம்” என்றதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பித்தளைக் குழாய்த் துண்டில் மழுங்கிய கூம்பு செய்து மாட்டினோம். அம்பின் தலை சற்றுப் பாரமாக இருப்பது நல்லது. விரலில் வைத்து நிறுத்தினால் சமநிலைப் புள்ளி நடுவில் இருந்து முன்பக்கமாக, முழு நீளத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு தள்ளி இருந்தால் போதும். நகைக்கடைத் தராசில் ஆறு அம்பையும் நிறுத்தோம். வித்தியாசம் ஒரு கிராமுக்கு உட்பட்டு வரும்வரை முனைகளை அரத்தால் உராய்ந்தாள்.

உடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எமது பிள்ளைகள் கேட்பார்கள். தளர்ந்த கையும் தொங்கும் முந்தானையும் நாணில் சிக்கும். பர்தாவின் நுனியை உள்ளே மடித்துக் குத்தி, முன்கையில் தோல் காப்பும், நாண் உரசும் பக்கத்து மார்பில் ஒரு காப்பும் கட்டினால் தடையே இல்லை. ஈரானின் ஸஹ்ரா நெமாதி தலையை மூடிக்கொண்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடி, 2012இல் இலண்டன் பராலிம்பிக்கில் தங்கம் வென்றார். 2016இல் ரியோவில் ஒலிம்பிக், பராலிம்பிக் இரண்டிலும் போட்டியிட்டார். இந்தியாவின் சீத்தல் தேவி கைகள் இல்லாமல் பிறந்தவர். காலால் வில்லைப் பிடித்து, தோளால் இழுத்து எய்பவர். 2024 பாரிஸ் பராலிம்பிக்கில் கலப்பு இரட்டையரில் வெண்கலம் பெற்றபோது வயது 17. அவருக்கென்று கருவியை மாற்றியமைக்க ஆட்கள் இருந்தார்கள். அவரை வழக்கமான வில்லுக்கு முன்னால் நிறுத்தி ‘உனக்குச் சரிவராது’ என்று சொல்லியிருந்தால், அது வில்லைப் பொறுத்தவரை உண்மையாகவும் இருந்திருக்கும்.

கடைசிச் சோதனை இறகில்லாத அம்பு. இறகு பல பிழைகளை மறைத்துவிடும். இறகில்லாத தண்டு உள்ளதை அப்படியே சொல்லும். பத்து மீற்றரில் நின்று இறகுள்ள அம்பு மூன்றும், அதே மாதிரி இறகில்லாத ஒன்றும் எய்ய வேண்டும். வலக்கைக்காரருக்கு இறகில்லாதது கூட்டத்தை விட்டு இடப்பக்கம் குத்தினால் அம்பு இன்னும் விறைப்பு; வலப்பக்கம் குத்தினால் மெலிவு. எங்களுடையது ஒரு சாண் இடப்பக்கம் போயிற்று. தலையில் பாரத்தைக் கூட்டினால் தண்டு அதிகம் நெளியும் என்பதால், முனைக்குப் பின்னால் செப்புக் கம்பி சுற்றினோம். மூன்று சுற்று, பிறகு ஐந்து. ஏழாவது சுற்றில் இறகில்லாத அம்பு மற்றவற்றுக்கு நான்கு விரல் தூரத்தில் வந்து குத்தியது. சத்தமும் மாறியிருந்தது. நாணின் சத்தம் மட்டும்.

அன்று பின்னேரம் ஆறு அம்பும் நடுச்சாக்கில் நின்றன. ஒன்றுகூட அட்டையில் வரைந்த வட்டத்தின் மையத்தில் படவில்லை. ஆனால் ஆறும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள். அவள் ஓடிப்போய் அவற்றைப் பிடுங்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு பார்த்தாள். “கண்ணு சரிதான் போல” என்றாள்.

மூங்கில் அம்பை ஒவ்வொரு தடவை எய்வதற்கு முன்னும் காதருகே வைத்து வளைத்து, முறுக்கிப் பார்க்க வேண்டும். மெல்லிய ‘கிறீச்’ கேட்டால் உள்ளே வெடிப்பு, அதை எய்யக்கூடாது. அப்படி இரண்டு போயின. நான்கு மிஞ்சின. இந்த வருடத் தொடக்கத்தில் மறுபடி அளந்தோம். கைவிரிப்பு 157 சென்ரிமீற்றர். வில்லையும் 20 இறாத்தலுக்கு மாற்றலாம் என்ற நிலை. பழைய அம்புகள் இனி அவளுக்கு இல்லை.

சென்ற சனிக்கிழமை அவள் 6ஆம் தரத்துப் பிள்ளை ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பெரியம்மாவின் மகள், சின்னப் பிள்ளை, கையை விரித்து நின்றது. அவள் அளவு நாடாவைப் பிடித்து இரண்டு தரம் அளந்து, வகுத்து, கொப்பியில் எழுதினாள். எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் ‘+ 3 அங்குலம்’ என்று போட்டு அடியில் இரண்டு கோடு இழுத்தாள். பிறகு என்னைப் பார்த்து, “டீச்சர், அந்தத் தண்ணிப் போத்தல் இன்னும் இருக்கா?” என்றாள்.